சீன மூலிகையும் மலைநாட்டுத் தமிழரும்

நுவரெலியாவிலிருந்து இறம்பொடை வழியாகக் கண்டிக்கு இறங்கும் பாதையின் இருமருங்கும், அட்டனுக்கு அப்பால் சிவனொளிபாதமலையின் அடிவாரம் வரையிலும் படர்ந்து கிடக்கும் தேயிலைச் செடியை இன்று எவரும் மருந்துச் செடியென்று எண்ணுவதில்லை. அது காசு விளைக்கும் பயிர், ஏற்றுமதிப் பொருள், ஓரினத்து மக்களை நூற்றைம்பது ஆண்டுகளாகத் தன் காலடியில் கட்டி வைத்திருக்கும் தொழில். ஆயினும் அச்செடி தன் பிறந்தகமாகிய சீனத்தில் முதன்முதல் மருந்தாகவே அறியப்பட்டது. உடல் நோயைத் தணிப்பதோடு உள்ளத்தை விழிப்புடன் நிறுத்தி, மனிதன் தன்னைத் தானே நோக்குதற்குத் துணைசெய்வதென்றும் அது போற்றப்பட்டது. அம்மருந்து தன்னோடு பிணைந்திருந்த கொள்கையைச் சீனத்திலேயே விட்டுவிட்டு, வெறும் விதையாகவும் கன்றாகவும் இலங்கை மலைநாட்டை அடைந்தது. அதே மலைக்கு வந்து சேர்ந்த தமிழரோ, சீனர் கொள்கையோடு பெரிதும் ஒத்த ஒரு மருத்துவ நெறியைத் தம் ஊர்களிலிருந்து கொணர்ந்திருந்தனர். இலையும் கொள்கையும் ஒரே மலைச்சரிவில் அருகருகே இருந்தும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமற் போனமை ஆராயத்தக்கது.

சீன மருத்துவத்தின் தலைநூல் மஞ்சட் பேரரசர் பெயரால் வழங்குவது. கிறித்துவுக்கு முந்திய இரு நூற்றாண்டுகளை ஒட்டி அதன் பெரும்பகுதி தொகுக்கப்பட்டதென அறிஞர் கருதுவர். பேரரசர் தம் மருத்துவ அமைச்சரை வினாவுவதும் அவர் விடை பகர்வதுமாக நூல் நடக்கின்றது. முதல் வினாவே நோயைப் பற்றியதன்று. முன்னோர் நூறாண்டு தளராது வாழ்ந்திருக்க, பின்னோர் ஐம்பதிலேயே தளர்வது ஏன் என்பது அது. உணவிலும் உறக்கத்திலும் உழைப்பிலும் அளவறிந்து, பருவத்துக்கேற்ப ஒழுகி, உள்ளத்தைப் புறத்தே சிதறவிடாது காத்தமையே முன்னோர் நீண்ட வாழ்வுக்குக் காரணமென விடை அமைகின்றது. ‘சிங்’ என்னும் விந்தாற்றல், ‘சி’ என்னும் உயிர்வளி, ‘சென்’ என்னும் உணர்வொளி ஆகிய மூன்றும் பிற்காலத்தில் உடலின் மூன்று செல்வங்கள் எனப்பட்டன. சினம் ஈரலைத் தாக்கும். மிகு களிப்பு நெஞ்சைத் தாக்கும். ஓயாத சிந்தனை மண்ணீரலையும், துயரம் நுரையீரலையும், அச்சம் சிறுநீரகத்தையும் தாக்கும். ஆதலின் நோயாளியின் நாவையும் நாடியையும் பார்ப்பதோடு அவன் எதற்குச் சினக்கின்றான், எதற்கு அஞ்சுகின்றான் என்பதையும் மருத்துவன் அறிதல் வேண்டும். நோயாளி தன்னைத் தான் அறிவதும் அங்கே மருந்தின் ஒரு பகுதியாகின்றது.

1970களுக்குப் பின்னர் மேலைநாடுகளில் சீன மருத்துவத்தை ஆன்ம வளர்ச்சிக்கென்றே அமைந்த தனி மார்க்கம்போலப் பரப்புவார் பலர் தோன்றினர். அது மிகைக்கூற்று. சீனத்து மருத்துவருட் பெரும்பாலோர் காய்ச்சலுக்கும் கழிச்சலுக்கும் கட்டிக்கும் மருந்து கொடுத்து வாழ்ந்தவர்களே. வீடுபேறு அவர்தம் தொழிலன்று. எனினும் உடலையும் உள்ளத்தையும் பிரியாது நோக்கிய அவர்தம் முறை, துறவியரின் பயிற்சியோடு இயல்பாகவே கைகோத்தது. தங் அரசர் காலத்து மருத்துவராகிய சுன் சிமியாவோ கி.பி. 652ஐ ஒட்டி இயற்றிய பெருநூலின் தொடக்கத்தில் மருத்துவனுக்குரிய ஒழுக்கத்தை வகுத்துள்ளார். சிகிச்சைக்கு முன் மருத்துவன் தன் மனத்தை அடக்கி அமைதியுறுதல் வேண்டும். வந்தவன் செல்வனோ வறியனோ, நண்பனோ பகைவனோ என்று பாராது அனைவரையும் தன் உறவினர்போற் கருதுதல் வேண்டும் என்பது அதன் சாரம். அந்நூலிலேயே பிராமணரின் முறை என்னும் பெயரோடு, பதினெட்டு அசைவுகளைக் கொண்ட இந்திய உடற்பயிற்சி ஒன்றும் இடம்பெற்றிருப்பது நம்மவர் கருத்திற் கொள்ளத்தக்கது.

தமிழ்ச் சித்தர் நெறியோடு இதனை ஒப்புநோக்குவார் வியப்படையாதிருத்தல் அரிது. திருமூலர் உடம்பை இழிவென்று ஒதுக்காது, இறைவன் உறையும் கோயிலெனக் கண்டு அதனை ஓம்பும் உபாயத்தை உரைத்தார். வாசியை அடக்குதலும், காயகற்பம் உண்ணுதலும், மனத்தை ஒடுக்குதலும் சித்தர்க்கு ஒரே முயற்சியின் கூறுகள். நாடி பார்க்கும் முறையிலும் ஒப்புமை உண்டு. தமிழ் வைத்தியர் மூன்று விரல்களை மணிக்கட்டில் வைத்து வாதம், பித்தம், ஐயம் என்பவற்றை உணர்வர். சீனரும் மூன்று விரல்களையே வைத்து உணர்வர், கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் வாங் சூகோ இயற்றிய நாடிநூல் இருபத்து நான்கு வகை நாடிகளைப் பகுத்துரைக்கின்றது. சரகர், சுசுருதர் ஆகியோரின் பழைய வடமொழி நூல்களிலோ நாடிச் சோதனை விரிவாக இல்லை. சார்ங்கதரர் நூலிலேயே அது தெளிவாக வருகின்றது. அந்நூல் பதின்மூன்று, பதினான்காம் நூற்றாண்டளவினது. எனவே நாடிக்கலை சீனத்திலிருந்தோ அரபு நாட்டிலிருந்தோ வந்திருக்கலாமெனச் சிலர் ஐயுறுகின்றனர். இரசத்தின் கதையும் அத்தகையதே. நான்காம் நூற்றாண்டினராகிய கோ கொங் முதலிய சீன இரசவாதிகள் சாகா மருந்தைத் தேடி இரசத்தைப் புடமிட்டனர். அம்மருந்தை உண்டு அரசர் சிலர் மாண்டபின், புறத்தே உலையில் தேடியதை உடலினுள்ளேயே மூச்சாலும் தியானத்தாலும் தேடும் நெறி அங்கே ஓங்கியது.

இவ்வுறவுக்குத் தமிழ் மரபு ஒரு பெயரே வைத்திருக்கின்றது, அப்பெயர் போகர். அவர் சீனத்துக்குச் சென்று திரும்பியவர் என்பாரும், சீனத்திலிருந்தே வந்தவர் என்பாரும் உளர். பழனியில் நவபாடாணத்தால் முருகன் திருவுருவை அமைத்தவர் அவரே என்பதும், கதிர்காமத்தோடு அவருக்குத் தொடர்புண்டு என்பதும் பக்தரின் நம்பிக்கை. அவர் பெயரால் வழங்கும் பாடல்களின் மொழிநடை பிற்காலத்தது. ஆதலின் அவற்றைக் கொண்டு காலத்தை நிறுவுதல் இயலாது. ஆயினும் ஒரு மக்கட் கூட்டம் தன் மருத்துவ மூதாதையரில் ஒருவரைச் சீனரோடு இணைத்து நினைவிற் கொண்டிருப்பது பொருளற்றதன்று. நினைவு பிழைபடலாம், ஆனால் ஒன்றுமில்லாத இடத்தில் அது முளைப்பதில்லை.

சீனர்க்கும் தமிழர்க்கும் உறவு இருந்தமைக்குக் கல்லே சான்று பகர்கின்றது. சீனத்தின் சுவன்சௌ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்ச் சாசனம் ஒன்று சிவன் கோயிலோடு தொடர்புற்றுக் காணப்படுகின்றது. இலங்கையின் காலி நகரில் 1911இல் கண்டெடுக்கப்பட்டு, கொழும்பு நூதனசாலையில் வைக்கப்பட்டுள்ள கல் அதனினும் சிறந்தது. சீனக் கடற்படைத் தலைவர் செங் கோ கொணர்ந்த அக்கல் 1409ஆம் ஆண்டுக்குரியது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் அது பொறிக்கப்பட்டுள்ளது. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தேவந்துறையிற் கோயில்கொண்ட தென்னாவர நாயனாருக்கும், பாரசீகப் பகுதி அல்லாவுக்கும் உரிய காணிக்கைகளைக் கூறுகின்றன. பொன்னும் வெள்ளியும் பட்டும் நறுமணத் தைலமும் அக்காணிக்கைகளுள் அடங்கும். அதற்கு ஓராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே, கி.பி. 410ஐ ஒட்டிப் பாகியன் என்னும் சீனத் துறவி இலங்கைக்கு வந்து ஈராண்டு தங்கினார். மலையுச்சியிலுள்ள திருவடிச் சுவட்டைக் குறிப்பிட்டவரும் அவரே. அனுராதபுரத்து விகாரையில் வணிகன் ஒருவன் படைத்திருந்த சீன நாட்டு வெண்பட்டு விசிறியைக் கண்டு, தாயகத்தை நினைந்து அவர் கண்ணீர் உகுத்தார் என்பது அவர் குறிப்பு. அவர் கண்ட மலைநாட்டில் அன்று தேயிலை இல்லை.

தேயிலைக்கு வருவோம். உழவுத் தெய்வமாகிய சென்னொங் ஒரே நாளில் எழுபத்திரண்டு நச்சுப் பூண்டுகளைச் சுவைத்து, தேயிலையால் உயிர்தப்பினார் என்பது சீனர் புராணம். புராணத்தை விடுத்து வரலாற்றுக்கு வந்தால், 659இல் தங் அரசு ஆணையால் தொகுக்கப்பட்ட மூலிகை நூலில் தேயிலை தெளிவாக இடம்பெறுகின்றது. கைப்பும் இனிப்பும் கலந்த சுவை, சற்றே குளிர்ந்த தன்மை, கோழையைத் தீர்த்துத் தாகத்தைத் தணித்தல், உறக்கத்தைக் குறைத்தல் என அதன் குணங்கள் பேசப்படுகின்றன. நாளந்தாவிற் கற்ற இத்சிங் என்னும் துறவி இந்திய மருத்துவத்தையும் சீன மருத்துவத்தையும் ஒப்பிட்டு எழுதிய இடத்தில், வெப்பு நோய்க்குரிய கசப்புக் குடிநீர்களைக் கூறித் தேயிலையும் நன்றே என்கின்றார். தாயகம் நீங்கிய இருபது ஆண்டுகளுக்கு மேலாக அத்தகைய எளிய மருந்துகளைக் கொண்டே பெருநோயின்றி வாழ்ந்ததாகவும் அவர் எழுதினார்.

உறக்கத்தைக் குறைக்கும் அக்குணமே தேயிலையை மடங்களுக்குள் கொண்டு சென்றது. எட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தைசான் மலையடிவாரத்து மடமொன்றில், இரவுணவு கொள்ளாது தியானத்தில் அமர்ந்தோர்க்குத் தேநீர் மட்டும் அனுமதிக்கப்பட்டது. அங்கிருந்தே தேநீர்ப் பழக்கம் நாடெங்கும் பரவியதெனச் சீன நூல் ஒன்று உரைக்கின்றது. தியான நெறியைச் சீனத்துக்குக் கொண்டுசென்ற போதிதருமர் தென்னிந்தியர் என்பது பழைய வரலாற்றுக் குறிப்பு. காஞ்சியின் இளவரசர் என்பது பின்வந்த வழக்கு. தியானத்தில் உறக்கம் குறுக்கிட்டமையால் வெகுண்டு அவர் தம் கண்ணிமைகளை அறுத்தெறிய, அவை வீழ்ந்த இடத்தில் தேயிலை முளைத்தது என்னும் கதை கிழக்காசியாவெங்கும் வழங்குகின்றது. கதைதான், எனினும் தமிழகத்து மகன் ஒருவனின் விழிப்பிலிருந்து பிறந்ததாகச் சொல்லப்படும் செடியைத் தமிழ்ப் பெண்டிரே பிற்காலத்தில் விடியுமுன் எழுந்து பறிக்க நேர்ந்தமையை எண்ணிப் பார்ப்பார்க்கு அது வெறுங்கதையாகத் தோன்றாது.

மடத்தில் வளர்ந்தவராகிய லூ யூ எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தேயிலைக்கென்றே முதல் நூலை எழுதினார். தன்னடக்கமும் சிக்கன வாழ்வும் உடையார்க்கே அது தக்க பானம் என்பது அவர் கருத்து. யப்பானியத் துறவி எய்சாய் 1211இல் எழுதிய நூல் மருத்துவக் காரணத்தை இன்னும் விளக்கமாகத் தருகின்றது. ஐந்து உள்ளுறுப்புக்கு ஐந்து சுவை உரியன. அவற்றுள் நெஞ்சுக்கு உரியது கைப்பு. மக்கள் ஏனைய சுவைகளை உண்டு, கைப்பை ஒதுக்குதலால் நெஞ்சு மெலிகின்றது. தேயிலை அக்குறையைத் தீர்க்கும். சீன மருத்துவத்தில் நெஞ்சு உணர்வொளியின் இருப்பிடமாதலின், நெஞ்சைத் தேற்றுதல் உணர்வைத் தேற்றுதலாகும்.

இத்தனை கருத்துச் சுமையோடு விளங்கிய செடி, இலங்கைக்கு வரும்போது அவற்றுள் ஒன்றையும் கொண்டுவரவில்லை. 1824இல் சீனத்திலிருந்து சில செடிகள் பேராதனைப் பூந்தோட்டத்துக்கு வந்தன; 1839இல் கல்கத்தாவிலிருந்து அசாம் விதைகள் வந்தன. 1841இல் மோரிசு வோம்சு என்பவர் சீனத்திலிருந்து கொணர்ந்த செடிகளைப் புசல்லாவையில் உள்ள இரொத்சைல்ட் தோட்டத்தில் நட்டார். சீனத் தொழிலாளியைக் கொண்டு சிறிது தேயிலையும் செய்விக்கப்பட்டது. செலவு மிகுந்தமையால் அம்முயற்சி நின்றது. சீன மரபை நேரே கையிற் கொண்டவன் ஒருவன் இம்மலையில் நின்றது அவ்வளவே. 1867இல் யேம்சு தெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் பத்தொன்பது ஏக்கரில் அசாம் இனத் தேயிலையை நட்டார். தம் இருப்பிடத்து விறாந்தையே தொழிற்சாலையாக, மேசைமேற் கையால் இலையை உருட்டி, மண்ணடுப்பிற் கரித்தணலில் உலர்த்திச் செய்தார். முறை சீனருடையதே, நோக்கம் இலண்டன் சந்தை. 1869இல் தோன்றிய கோப்பி இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழிக்க, 1873இல் 23 இறாத்தலாக இலண்டன் சென்ற தேயிலை, நூற்றாண்டு முடிவதற்குள் ஏறக்குறைய நான்கு இலட்சம் ஏக்கரிற் பரவியது.

இடையில் உண்மையான மருந்து மரம் ஒன்றும் இம்மலையில் ஆண்டது. காய்ச்சலுக்குக் கொயினா தரும் சிங்கோனாவை வளர்த்தற்கென்றே 1861இல் அக்கலைப் பூந்தோட்டம் நிறுவப்பட்டது. கோப்பி வீழ்ந்தபின் தோட்டத்துரைமார் அதனை வெறியோடு நட்டனர். எண்பதுகளில் பட்டை குவியக் குவிய விலை சரிந்தது. மரங்களைப் பிடுங்கித் தேயிலையை நட்டனர். மருந்தாயினும் பானமாயினும் சந்தை விலையே மலைநாட்டில் தீர்ப்பளித்தது.

இனி, மக்களை நோக்குவோம். திருச்சிராப்பள்ளி, மதுரை, இராமநாதபுரம், தஞ்சை, சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து கங்காணிமாரோடு வந்தவர்கள், தொடக்க காலத்தில் மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர். வாந்திபேதியாலும் அம்மையாலும் மலைக்காய்ச்சலாலும் வழியில் மடிந்தோர் பலர். பிழைத்தவர்கள் லயங்களில் குடியேறியபோது தம் நாட்டு மருந்தையும் உடன் கொண்டுவந்தனர். மருத்துவச்சி, பச்சிலை அறிந்த முதியவர், மந்திரிப்பவர் ஆகியோரே அவர்தம் வைத்தியர். கற்றோர் போற்றும் சித்த நூல்கள் லயத்துக்கு வந்தனவெனக் கூறுதல் இயலாது. ஆயினும் உடலோம்பலையும் உளத்தூய்மையையும் பிரிக்காத அந்நெறியின் உயிர்நிலை அவர்தம் வழிபாட்டில் இருந்தது. மாரியம்மன் விழாவுக்குக் காப்புக் கட்டினால் ஊனும் கள்ளும் ஒழித்து, சினம் அடக்கி, கட்டுப்பாட்டோடு இருத்தல் வேண்டும். காமன் கூத்திலும் அருச்சுனன் தபசிலும் வேடமிடுவோரும் விரதம் காத்தனர். வீட்டில் அம்மை கண்டால் வேப்பிலை செருகி, தாளிப்பின்றிச் சமைத்து, உரத்த பேச்சின்றி, குளிர்ந்த உணவளித்து, மஞ்சளும் வேம்பும் இட்ட நீரால் தலைக்கு ஊற்றுவர். நோயாளிக்கு ஓய்வும், அயலாருக்கு விலகலும், வீட்டாருக்கு மன அடக்கமும் அம்முறையால் ஒருங்கே கிட்டின. பெரியம்மை 1980இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது; அதனை ஒழித்தது அம்மை குத்துதலே, வேப்பிலையன்று. எனினும் பிணியைத் தாங்கும் ஒழுக்கத்தைத் தந்தது வேப்பிலை என்பதை மறுத்தல் ஆகாது. நாவலப்பிட்டியை அடுத்த குயின்சுபரித் தோட்டத்தில் நவநாத சித்தர் வழிபடப்படுவது, சித்தர் மரபு இம்மலையில் வேரற்றுப் போகவில்லை என்பதைக் காட்டும்.

ஆட்சியாளரின் மருத்துவம் வேறு வழியில் வந்தது. 1872இல் மருத்துவத் தேவைச் சட்டம் இயற்றப்பட்டுத் தோட்டப் பகுதிகள் மருத்துவப் பிரிவுகளாக வகுக்கப்பட்டன. 1880இலும் 1912இலும் புதிய சட்டங்கள் வந்தன. இவற்றால் மருந்துச்சாலைகளும் மருத்துவமனைகளும் எழுந்தமை நன்மையே. ஆனால் அம்மருத்துவம் கண்டது ‘பிரட்டில்’ நிற்கும் ஆட்கணக்கை. இன்று வேலைக்கு வரக்கூடியவனா, வராதவனா என்பதே அதன் முதல் வினா. மஞ்சட் பேரரசர் கேட்ட வினாவுக்கும் இதற்கும் இடையிலுள்ள தொலைவு சீனத்துக்கும் இலங்கைக்கும் இடையிலுள்ள தொலைவினும் பெரிது.

இதற்குக் கொக்கிப்புழுவின் வரலாறு நல்ல சான்று. அரை அங்குல நீளமும் இல்லாத அப்புழு மலம் கலந்த மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுட் புகுந்து, குடலில் தங்கிக் குருதியை உறிஞ்சும். செருப்பின்றி மலையேறி, மலகூடமின்றி லயத்தில் வாழ்ந்தோர் அதற்கு இலகுவாக இரையாயினர். குருதி குன்றியவன் கால் சோர்வான், நெஞ்சு படபடக்கும், எதிலும் ஊக்கம் இராது. அச்சோர்வு நெடுங்காலம் சோம்பல் என்று ஏசப்பட்டது. 1916இல் அமெரிக்க ரொக்பெல்லர் நிறுவனம் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியபின்னரே, அச்சோர்வின் காரணம் குடலில் இருப்பது பரவலாக உணரப்பட்டது. மருந்தெண்ணெய் கொடுத்துப் பேதிக்கு இட்டனர். மக்கள் அஞ்சி ஒளிந்தனர். அஞ்சியதில் நியாயமும் இருந்தது, ஏனெனில் அம்மருந்து வலியது. எதற்காக என்று அவர்க்குப் புரியவைப்பார் அரியர். மலகூடம் கட்டாமல் மருந்து மட்டும் கொடுத்த இடங்களில் புழு மீண்டும் புகுந்தது. தன் உடலில் நிகழ்வது யாதென அறியும் உரிமை நோயாளிக்கு இல்லாதபோது, நன்மருந்தும் தண்டனைபோலத் தோன்றும்.

1961ஆம் ஆண்டின் ஆயுள்வேதச் சட்டம் சித்த மருத்துவத்தையும் உட்கொண்டு சுதேச வைத்தியத்துக்கு அரசின் ஏற்பை வழங்கியது. ஆனால் அவ்வேற்பின் பயன் மலைநாட்டை மிகக் குறைவாகவே எட்டியது. குடியுரிமையே 1948இல் பறிபோன மக்களுக்குச் சுதேசம் எது, சுதேச வைத்தியம் எது என்பதே அன்று தீராத வழக்காக இருந்தது.

தேயிலை அம்மக்களுக்கும் பானமாயிற்று. விடியற்காலையில் வெறுந் தேத்தண்ணீர்; மலையிலிருந்து திரும்பியபின் மீண்டும் தேத்தண்ணீர்; தடிமனுக்கு இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணீர். நல்ல தேயிலை கப்பலேற, எஞ்சிய தூளே பெரும்பாலும் லயத்துக்கு வந்தது. பசியை மறைக்கவும் அது பயன்பட்டது என்பதை மறைத்தற்கில்லை. இங்கேதான் சீன மூலிகை நூல்களின் மற்றொரு பக்கம் நினைக்கத்தக்கது. பதினாறாம் நூற்றாண்டின் பெருமருத்துவர் லீ சீசென் முப்பதாண்டு அளவு உழைத்துத் தொகுத்து, அவர் மறைந்தபின் 1596இல் வெளிவந்த மூலிகைக் களஞ்சியத்தில் தேயிலையைப் புகழ்ந்ததோடு நிற்கவில்லை. வலிய உடலும் சூடும் உடைய இளைஞர்க்கு அது நன்று; குளிர்ந்த உடலும் குன்றிய குருதியும் உடையார் நாள்தோறும் அருந்தினால் வயிறு கெட்டு, உள்ளாற்றல் தெரியாமலே தேயும் என்று அவர் எச்சரித்தார். இளமையிற் பல கிண்ணம் அருந்தி இன்புற்ற தமக்கே முதுமையில் அது ஒவ்வாது போனதையும் எழுதிவைத்தார்.

குருதி குன்றியவர்க்கு ஆகாது என்ற அக்கூற்றுக்கு இன்றைய ஆய்வும் ஒருவகையில் துணைநிற்கின்றது. தேயிலையின் துவர்ப்புப் பொருள், தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து உடலிற் சேர்வதைத் தடுக்கின்றது. இறைச்சியும் மீனும் குறைந்த உணவினரான தோட்டப் பெண்டிர்க்கு இரும்புச்சத்துக் கிடைக்கும் வாயில்கள் பெரும்பாலும் அவையே. மலைநாட்டில் இரத்தசோகை இன்றும் தீராத குறை. அதனால் கருவுற்ற தாய்மார்க்கு இரும்பு மாத்திரை வழங்கும் குடும்பநல மருத்துவமாது, அதனைத் தேத்தண்ணீரோடு விழுங்கலாகாது, உணவுக்கும் தேத்தண்ணீருக்கும் இடையே நேரம் விட வேண்டும் என்று அறிவுறுத்துகின்றார். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வரிசையில் நிற்கும் பெண், தான் காலை முதல் பறித்த இலையைப் பற்றிய அவ்வறிவுரையைக் கேட்டு மாத்திரையைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொள்கின்றாள்.